நான்கு முறை திரும்பி வந்த பாட்டு: ஒரு மிக்ஸின் நிகழ்வு ஆய்வு

ஒரு பாட்டை மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலந்து சமன்செய்து, அனுப்பினேன். நான்கு முறை திரும்பி வந்தது. இரண்டு முறை காரிலிருந்து, ஒரு முறை திண்ணையிலிருந்து, கடைசியாக ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து. நான்கு முறையும் குறை உண்மையாகவே மிக்ஸில் இருந்தது. ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது அதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. எந்தக் குறையை எந்த ப்ளக்-இன் (மிக்ஸ் மென்பொருளுக்குள் மாட்டும் சிறு கருவி) காட்டிக்கொடுத்தது, எது காட்டாமல் விட்டது, எந்த இடத்தில் நானே கருவியைத் தப்பாக மாட்டினேன் என்பதையெல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வீட்டு அறையில் மிக்ஸ் செய்கிறவர்கள் பலருக்கும் இதே நான்கும் நடக்கக்கூடியவைதான்.

பாட்டு கிராமியச் சாயல் கொண்டது. சுருதி ஆறு கட்டை. முதல் இருபது வினாடி தாளமில்லாத தொகையறா, ஒரு பெண் குரல் மட்டும். அப்புறம் பறையும் உருமியும் ஒன்றாக இறங்கும். கூடவே பேஸ் கிட்டார், ஒரு அகூஸ்டிக் கிட்டார், இடையிடையே நான்கு பெண்கள் சேர்ந்து போட்ட குலவை. பாட்டை எழுதி இசையமைத்தவர் என்னைவிட வயதில் இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

என் அறை மாடியில் இருக்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், கூரையும் ஏறக்குறைய பத்தடி உயரம். சுவரில் திரை, மூலையில் ஒரு மெத்தை. ஐந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒரு ஓப்பன்-பேக் ஹெட்போன். நாற்காலி அறையின் நட்டநடுவில் இருந்தது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன 55 ஹெர்ட்ஸ்

முதல் மிக்ஸை அனுப்பிய மறுநாள் காலையில் அந்தத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, கார்ல போட்டா கதவே அதிருது. அக்கா குரல் அதுக்குள்ள முங்கிப்போகுது."

என் அறையில் அந்த பேஸ் மெலிந்துதான் கேட்டது. மெலிந்து கேட்டதால்தான் ஈக்யூவில் 55 ஹெர்ட்ஸை 5 டெசிபல் தூக்கியிருந்தேன். ஹெட்போனிலும் அப்படியே கேட்டதால் சந்தேகம் வரவில்லை. ஓப்பன்-பேக் ஹெட்போன்கள் பலவற்றில் அடிமட்ட அதிர்வெண்கள் சரிந்துவிடும், என்னுடையதும் அந்த ரகம். ஸ்பீக்கரும் ஹெட்போனும் வெவ்வேறு காரணங்களால் ஒரே பொய்யைச் சொல்ல, நான் அதை இரண்டு சாட்சிகள் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லா ஒலியும் கடைசியாக வந்து சேரும் மாஸ்டர் சேனலில் வாக்ஸெங்கோவின் ஸ்பானைப் போட்டுப் பார்த்தேன். இலவச ப்ளக்-இன், ஒலியின் அதிர்வெண்களைக் கோடாக வரைந்து காட்டும். முதலில் எதுவும் புரியவில்லை. கீழ்ப்பகுதி முழுவதும் ஒரே மேடாகத் தெரிந்தது. ஸ்பானில் பிளாக் சைஸ் என்று ஓர் அமைப்பு உண்டு, அதிர்வெண்களை எவ்வளவு சிறிய கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் என்பதை அது தீர்மானிக்கும். அதை 2048-இல் வைத்திருந்தால், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 23 ஹெர்ட்ஸ். 55 ஹெர்ட்ஸும் அதற்கு அடுத்த ஸ்வரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 8192 என்று மாற்றியதும் கட்டத்தின் அகலம் 6 ஹெர்ட்ஸுக்குக் குறைந்தது, மேடு தனித்தனி முகடுகளாகப் பிரிந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. கட்டம் குறுகக் குறுகக் கோடு மெதுவாகத்தான் நகரும், பறையின் அடி அதில் தெரியாது. பேஸ் பார்க்க ஓர் அமைப்பு, அடி பார்க்க வேறோர் அமைப்பு என்று இரண்டு ஸ்பான் போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்பானின் சாய்வு அமைப்பையும் சொல்ல வேண்டும். ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி) 4.5 டெசிபல் என்று அது வைத்துத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. பொதுவாக இசையில் மேலே போகப் போக ஆற்றல் குறையும். அந்தச் சாய்வை ஈடுகட்டினால்தான் சமநிலையான மிக்ஸ் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். சாய்வைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, மேல்பகுதி சரிந்து கிடக்கிறதே என்று ட்ரெபிளைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து ஒப்பீடு. எனக்கு நன்றாகப் பழகிய, மேளமும் பேஸும் சேர்ந்த மூன்று பாடல்களைத் தனி டிராக்கில் போட்டேன். வெளிவந்த பாடல்கள் மாஸ்டரிங் முடிந்தவை, அதாவது வெளியீட்டுக்காகச் சத்தம் ஏற்றி முடித்தவை, அதனால் என் மிக்ஸைவிடச் சத்தம் அதிகம். சத்தம் அதிகமானால் காது அதை நல்லது என்று நினைத்துக்கொள்ளும், கீழ்ப்பகுதியும் நிறைவாகக் கேட்கும். சத்தத்தின் அளவு மாறினால் கீழ் அதிர்வெண்களைக் காது உணரும் விதமும் மாறும் என்பதை பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் நான்கையும் லவுட்னஸ் மீட்டர் வைத்து ஒரே அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட்டேன். மெட்ரிக் ஏபி போன்ற ப்ளக்-இன்கள் இந்த வேலையை ஒரே பொத்தானில் முடித்துத் தரும். இல்லாவிட்டாலும் ஒரு கெயின் ப்ளக்-இன் போதும்.

முழுப் பாட்டின் சராசரிக் கோட்டைப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று பாடல்களைவிட என் மிக்ஸ் 55 ஹெர்ட்ஸில் மட்டும் ஏறக்குறைய 7 டெசிபல் உயர்ந்து நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஏன் 55? ஆறு கட்டைச் சுருதியின் ஷட்ஜம் பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பியில் விழும். அந்தக் கம்பியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். பாட்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடமே அதுதான். இனி அறைக்கு வருவோம். பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண் 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம் என்பதால் மூன்று திசையிலும் அதே எண். இப்படிச் சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் நிலையலையின் அழுத்தம் சுவரோரம் உச்சத்திலும் நடுவில் பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கும். நான் உட்கார்ந்திருந்தது நடுவில்.

கணக்கை நம்பாமல் சோதித்தும் பார்த்தேன். ஒரு டோன் ஜெனரேட்டர் ப்ளக்-இன்னில் 55 ஹெர்ட்ஸ் தனி ஸ்வரத்தை மெதுவான அளவில் ஓடவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது. எழுந்து மூலைக்குப் போனால் வயிற்றில் இடித்தது. ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவு, நடுவே சில அடி தூரம். இத்தனை வருடம் மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன், இதை முன்பே செய்து பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, தனியாக எந்தக் கருவியும் தேவையில்லை. புதிதாக அறை அமைக்கிற ஒவ்வொருவரும் 40-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏற்றியபடி அறையில் நடந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சியே கேட்பேன்.

கார் இதற்கு நேரெதிர். சிறிய மூடிய கூடு என்பதால் அடிமட்ட அதிர்வெண்கள் அங்கே இயல்பாகவே எழும்பும். நான் ஏற்றிய 5 டெசிபலுக்கு மேல் கார் தன் பங்கையும் போட்டது.

நாற்காலியை முன்சுவரிலிருந்து நான்கடிக்கும் குறைவான இடத்துக்கு நகர்த்தினேன். ஈக்யூவின் தூக்கலை எடுத்தேன். இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற அந்த விம்மல் பேஸின் இடத்திலேயே வந்து விழுகிறது. உருமியின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவது சுலபம். ஆனால் அந்த விம்மல் இல்லாவிட்டால் அது உருமியே இல்லை. அதனால் வெட்டவில்லை. விம்மல் வரும்போது மட்டும் பேஸை 3 டெசிபல் தணிக்கிற மாதிரி ஒரு டைனமிக் ஈக்யூ போட்டேன்.

சரி செய்த பிறகும் அதே புகார்

இரண்டாவது மிக்ஸை அனுப்பினேன். "கொஞ்சம் பரவால்ல அண்ணா, ஆனா கதவு இன்னும் நிக்கல."

இந்த முறை ஸ்பானில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்படியென்றால் நான் பார்க்கிற ஒலியும் அவர் கேட்கிற ஒலியும் ஒன்றல்ல. ஏற்றுமதி செய்த கோப்பைத் திரும்ப அதே ப்ராஜெக்ட்டுக்குள் கொண்டுவந்து, மிக்ஸின் தொடக்கத்தோடு துல்லியமாகப் பொருத்தி, அதன் போலாரிட்டியை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்கிச் சேர்த்து ஓடவிட்டேன். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்து அமைதி மிஞ்சும். எனக்கு ஓர் அடித்தொண்டை உறுமல் மிஞ்சியது.

காரணம் நான்தான். முதல் புகார் வந்த பிறகு, இரவில் ஹெட்போனில் வேலை செய்வதற்காக, ஹெட்போனின் குறைகளை ஈடுகட்டும் திருத்த ப்ளக்-இன் ஒன்றை மாஸ்டர் சேனலின் கடைசியில், ஸ்பானுக்கும் கீழே மாட்டியிருந்தேன். என் ஹெட்போனின் அடிமட்டம் சரிவதால் அது அடிமட்டத்தைத் தூக்கும். எனக்கு மட்டும் கேட்க வேண்டிய திருத்தம், ஏற்றுமதியின்போது பாட்டுக்குள்ளேயே போய்விட்டது. ஸ்பான் அதற்கு முன்னால் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

கேட்பதற்கான ப்ளக்-இன்னும் ஒலியை மாற்றுவதற்கான ப்ளக்-இன்னும் ஒரே சங்கிலியில் இருக்கவே கூடாது. ரீப்பர் என்ற மிக்ஸ் மென்பொருளில் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று தனி இடம் இருக்கிறது, அங்கே போடுவது ஏற்றுமதியில் சேராது. க்யூபேஸ் மென்பொருளில் கன்ட்ரோல் ரூம் அந்த வேலையைச் செய்யும். இப்படி ஒரு வசதி இல்லாத மென்பொருளில், எல்லா டிராக்குகளையும் முதலில் பஸ் என்ற ஒரு பொது வழிக்கு அனுப்பி, அந்த பஸ்ஸிலிருந்து ஏற்றுமதி செய்வது பாதுகாப்பு. சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் மாதிரி ஹெட்போன் திருத்தமானாலும், வேவ்ஸின் அபே ரோடு ஸ்டுடியோ 3 அல்லது ஸ்லேட்டின் விஎஸ்எக்ஸ் மாதிரி ஓர் அறையையே ஹெட்போனுக்குள் கொண்டுவருகிற வகையானாலும் இந்த விதி ஒன்றுதான். அந்த வகைக் கருவிகள் எனக்குப் பெரிய உதவி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோசமான அறையில் உட்கார்ந்து ஊகிப்பதைவிட, திருத்திய ஹெட்போனில் பேஸை முடிவு செய்வது எவ்வளவோ மேல்.

திண்ணையில் மறைந்த குலவை

மூன்றாவது மிக்ஸ் காரில் தேறிவிட்டது. தம்பி அதை ஊருக்கு எடுத்துப்போய், குலவை போட்ட பெண்களுக்கே திண்ணையில் ஒரு சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர்களில் மூத்த அம்மா கேட்டாராம், "எங்க குலவை எங்கய்யா?" இதைச் சொல்லும்போது தம்பியின் குரலில் சங்கடம் இருந்தது. எனக்கு அதைவிட அதிகம். தம் குரலைக் கேட்க உட்கார்ந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.

அந்த ஸ்பீக்கர் மோனோ, இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்தே ஒலிக்கும். என் மாஸ்டர் சேனலின் கோரிலேஷன் மீட்டரோ +0.7-ஐக் காட்டியபடி நிம்மதியாக நின்றது. இந்த மீட்டர் இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும். +1 என்றால் இரண்டும் ஒன்றே, 0 என்றால் சம்பந்தமில்லை, −1 என்றால் நேரெதிர், மோனோவில் அழிந்துவிடும். +0.7 நல்ல எண்தான். ஆனால் அந்த எண் முழு மிக்ஸுக்குமானது. குரல், பேஸ், உருமி எல்லாம் நடுவில் பலமாக இருக்கும்போது, ஓரத்தில் ஒரு குலவை அழிந்து போவதை அந்த மீட்டர் கவனிக்காது.

மீட்டரை எடுத்துக் குலவையின் பஸ்ஸில் மாட்டினேன். −0.6.

குலவையை ஒரே மைக்கில் ஒரே ஒரு முறைதான் பதிந்திருந்தோம். அதை அகலமாக்க ஒரு வைடனர் போட்டிருந்தேன். பதிவின் நகல் ஒன்றைச் சில மில்லிவினாடி தள்ளி, இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் சேர்ப்பது அதன் வேலை. ஸ்டீரியோவில் அது அருமையாகக் கேட்கும். ஆசைப்பட்டு நகலை அசலைவிட 6 டெசிபல் ஏற்றியிருந்தேன். மோனோவில் இரண்டு நகலும் ஒன்றையொன்று அழித்துவிட, குறைத்து வைத்த அசல் மட்டும் மிஞ்சும். கணக்குப் போட்டால், நடுவில் இருக்கும் குரலோடு ஒப்பிடும்போது குலவை சுமார் 7 டெசிபல் விழுந்திருக்கிறது. மேளத்துக்கு நடுவே 7 டெசிபல் விழுந்தால் அது கேட்காது. ப்ரெய்ன்வொர்க்ஸின் இலவச பிஎக்ஸ் சோலோவில் மோனோ பொத்தானை அழுத்தினேன், அந்த அம்மா கேட்டதை நானும் கேட்டேன்.

வைடனரைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம், மனம் வரவில்லை. அடுத்த வாரம் அவர்களையே மறுபடி அழைத்து இன்னும் இரண்டு முறை குலவை போடச் சொல்லி, ஒன்றை இடமும் ஒன்றை வலமும் வைத்தோம். இப்போது பஸ்ஸின் மீட்டர் 0-வைச் சுற்றி ஆடுகிறது. சிலர் 0-வைப் பார்த்தே பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. தனித்தனியாகப் பதிந்த இரண்டு குரல்கள் ஒத்துப்போகாதது இயல்பு, அவை ஒன்றையொன்று அழிப்பதும் இல்லை.

திண்ணை ஸ்பீக்கர் இன்னொன்றையும் காட்டியது. பேஸ் அங்கே அறவே இல்லை. அந்த அளவு ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸைத் தர முடியாது. ஆனால் 110, 165, 220 என்று அதன் மடங்குகள் கேட்டால், இல்லாத அடி ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பேஸுக்கு, அந்த மடங்குகளைச் சேர்க்கும் சாச்சுரேஷன் ஒன்றை லேசாகப் போட்டதும் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸின் நடை புரிந்தது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் இதற்காகவே ஆராடோன் என்ற சின்னப் பெட்டி ஸ்பீக்கரை மிக்ஸர் மேல் வைத்திருந்தார்கள். இப்போது மிக்ஸ்செக்கர் போன்ற ப்ளக்-இன்கள் போன், டிவி, கார் என்று பல ஸ்பீக்கர்களின் குணத்தைப் போட்டுக் காட்டுகின்றன. அவசரத்துக்கு, மோனோ பொத்தானோடு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஈக்யூ போட்டாலே பாதி தெரிந்துவிடும்.

தொகையறாவைப் பார்க்காத மீட்டர்

நான்காவது முறை குறை சொன்னது யாருமில்லை, நானே. மாஸ்டர் செய்து தளத்தில் ஏற்றிய பிறகு, மற்ற பாடல்களோடு வரிசையில் கேட்டேன். பறையின் அடி மழுங்கியிருந்தது, தொகையறா பேருந்து இரைச்சலில் கேட்கவே இல்லை.

யூலீன் லவுட்னஸ் மீட்டரில் மாஸ்டரின் சராசரிச் சத்தம் −8 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), ட்ரூ பீக் எனும் உச்ச அளவு +0.8. ஸ்பாட்டிஃபை வழக்கமாக −14-க்குச் சமன்படுத்துகிறது. அதாவது என் மாஸ்டரை 6 டெசிபல் இறக்கிவிடும். உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் பறையை நசுக்கிச் சம்பாதித்த சத்தம் அத்தனையும் அங்கே போய்விட்டது. நசுங்கல் மட்டும் தங்கியது.

தொகையறாவின் கதை இதைவிட நுணுக்கம். இந்த அளவீட்டுக்கு அடிப்படையான ஐடியு பிஎஸ்.1770 தரத்தில் கேட்டிங் என்ற விதி உண்டு. பாட்டின் சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதிகள் கணக்கில் சேராது. என் தொகையறா −20-ஐ ஒட்டி இருந்தது, கேட் விழுந்த இடம் ஏறக்குறைய −18. அந்த இருபது வினாடி மீட்டரின் கணக்கிலேயே இல்லை. பாட்டை 6 டெசிபல் இறக்கியதும் அது −26-க்குப் போய்விட்டது. மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. சில வினாடிகளின் சத்தத்தை மட்டும் காட்டும் ஷார்ட் டெர்ம் கோட்டைப் பாட்டு நெடுகிலும் பார்த்ததால்தான் தெரிந்தது.

பழைய மாஸ்டரையும் லிமிட்டரைத் தளர்த்திய புதிய மாஸ்டரையும் −14-க்கு இறக்கி வைத்துக் கேட்டேன். சத்தம் சமமானதும் எது நல்லது என்பதில் குழப்பமே இல்லை. புதியதில் பறையின் சுண்டு குச்சியின் நறுக்கும் அடிக்குச்சியின் கனமும் பிரிந்து கேட்டன. கடைசியாக −11 எல்யூஎஃப்எஸ், ட்ரூ பீக் −1 என்று முடித்தேன். தொகையறாவைக் கையாலேயே −16-க்கு ஏற்றினேன். இப்போது தளம் 3 டெசிபல் இறக்கினாலும் அது −19-இல் நிற்கிறது. −14-க்கே மாஸ்டர் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்தேன். மேளம் கொஞ்சம் இறுகி நிற்பதுதான் இந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. தளத்தின் எண் எனக்கு இலக்கு இல்லை, எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஓர் இடம் இன்னும் பாக்கி. இந்தப் பாட்டு கோயில் கொடைகளில் மைக் செட்டில் ஓடும் என்று தம்பி எதிர்பார்க்கிறார். குழாய் ஸ்பீக்கரில், திறந்த வெளியில், தெருமுனையிலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று காட்டுகிற ப்ளக்-இன் எதுவும் என்னிடம் இல்லை. அதனால் எங்கள் ஊர் மைக் செட்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். மரத்தில் கட்டிய இரண்டு குழாயில் ஒரு ஸைன் ஸ்வீப்பை (கீழிருந்து மேல்வரை ஏறும் ஒற்றை ஒலியை) ஓடவிட்டு, தெருவின் மறுமுனையில் மைக் வைத்துப் பதிந்தால், அதிலிருந்து இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது அந்த இடத்தின் ஒலிக் குணத்தின் பதிவு, எடுத்து ரீப்பரின் ரியாவெர்ப் ப்ளக்-இன்னில் போட்டுக் கேட்கலாம். ஆடி முழுக்க அவருக்கு வேலை இருக்கிறது. ஆவணி பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.